அதிகம் படித்தால் புத்தி பேதலிக்குமா?



அப்போஸ்தலனாகிய பவுல் செசரியாவில் தேசாதிபதி பெஸ்துவின் முன்பாகவும் அகிரிப்பா ராஜாவின் முன்பாகவும் நின்று பேசிய சம்பவத்தை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். பேச்சின் நடுவிலே பெஸ்து உரத்த சத்தமாய்க் குறுக்கிட்டான். அளவுக்கு மீறிப் படித்ததினால் இந்த மனிதனுக்கு மூளை கலங்கிவிட்டது என்பது அவனுடைய எண்ணம். பவுல் கோபப்படவில்லை. தாம் தெளிந்த புத்தியோடுதான் பேசுவதாக மரியாதையாகப் பதில் சொன்னார்.

பெஸ்து சொன்னதை இன்றைக்கும் மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவில் கேட்கலாம். கல்லூரி விடுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட ஒரு பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். பல நாட்களாகத் தூக்கமில்லை. தன்னைப் பற்றி யாரோ பேசுவது காதில் விழுவதாகச் சொல்லும். கூட வந்த தகப்பனார், "டாக்டர் ஐயா, பத்தாவதிலே ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த பிள்ளைங்க. ராத்திரி பகலா படிச்சான். அந்தப் படிப்புதான் மூளையைக் கலக்கிடுச்சு" என்பார். தாயார், "அப்பவே சொன்னேன், கொஞ்சமா படிடான்னு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளுவார். முகங்கள் மாறினாலும் குடும்பங்கள் சொல்லும் வார்த்தை ஏறக்குறைய இதுவாகவே இருக்கிறது.

இதை ஏதோ அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் இந்த எண்ணத்தினால் வரும் தீங்கு பெரிது. படிப்புதான் காரணம் என்று நம்புகிற குடும்பம், "கொஞ்ச நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் சரியாகிவிடும்" என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறது. நன்றாய்ப் படிக்கும் மகளை, "இவளுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாதே" என்று பயந்து பாதியில் நிறுத்துகிறது. தனிமையை விரும்பும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு "அரைக் கிறுக்கு" என்று பேர் வைத்துவிடுகிறது. சுகமாகி வரும் வாலிபனோ, "மாத்திரை சாப்பிட்டால் என் மூளை மழுங்கிவிடும்" என்று மருந்தை நிறுத்திவிடுகிறான்.

ஆகையால் இந்த இதழில் இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம். மிகுந்த புத்திக்கும் புத்தி பேதலிப்புக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

பழைய நம்பிக்கை

இது நம்முடைய தேசத்தின் நம்பிக்கை மட்டுமல்ல. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் பேரில் வழங்கும் ஒரு பழைய நூலிலேயே, தத்துவத்திலும் அரசியலிலும் கவிதையிலும் சிறந்து விளங்கியவர்கள் ஏன் மனச்சோர்வுக் குணம் உள்ளவர்களாய் இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுப்பப்பட்டிருக்கிறது. உடலில் கரும்பித்தம் மிகுவதே அதற்குக் காரணம் என்று அந்நாட்களில் எண்ணினார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இத்தாலிய வைத்தியர் செசாரே லொம்ப்ரோசோ இந்த எண்ணத்துக்கு விஞ்ஞானச் சட்டை போட்டுவிட்டார். 1864ஆம் ஆண்டில் மேதைமையையும் பைத்தியத்தையும் பற்றி ஒரு நூலை வெளியிட்டு, பிற்பாடு அதைப் பலமுறை விரிவாக்கினார். மேதைமையே ஒருவகை மூளைக் கோளாறுதான் என்பது அவருடைய வாதம். இதற்கு ஆதாரமாகப் பெரிய மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து விநோதமான பழக்கங்களையும் வியாதிகளையும் பொறுக்கியெடுத்து அடுக்கினார். அந்த நூல் ஐரோப்பா எங்கும் பரவியது.

ஆனால் அவருடைய முறையில் ஒரு பெரிய குறை உண்டு. தமக்கு வேண்டிய உதாரணங்களைத் தேடி எடுத்தாரேயன்றி, நல்ல மனநலத்தோடு வாழ்ந்து முடித்த மேதைகளை எண்ணிப் பார்க்கவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் பட்டணத்தில் 1723 முதல் 1750இல் மரிக்கும்வரை ஆலயப் பாடகர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஜோஹான் செபஸ்டியன் பாக். வாரந்தோறும் ஆராதனைக்கு இசை அமைத்து, பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பெரிய குடும்பத்தை வளர்த்தார். இசை உலகில் அவருக்கு ஈடு சொல்லுவது கடினம். ஆனால் அவருடைய புத்தி கலங்கவில்லை. ஆகவே அவரைப் பற்றி இந்த விதமான கதையும் இல்லை. கலங்கியவர்களுக்குக் கதை இருக்கிறது, கதைதான் ஊர் ஊராய்ப் போகிறது.

1731இல் பிறந்த இருவர்

இங்கிலாந்துக் குடும்பங்களில் 1731ஆம் ஆண்டில் பிறந்த இரண்டு பேரைப் பார்த்தால் நம் கேள்வி பாதி தெளிவாகிவிடும்.

ஒருவர் ஹென்றி கேவண்டிஷ். ஹைட்ரஜன் வாயுவைத் தனி வாயுவாக அடையாளம் கண்டு 1766இல் வெளியிட்டவர். பூமியின் அடர்த்தியை அளந்தவரும் அவரே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளையும், கம்பியில் தொங்கும் ஒரு கோலையும் கொண்டு பூமி தண்ணீரைவிட 5.48 மடங்கு அடர்த்தியானது என்று 1798இல் அறிவித்தார். இன்றைய கணக்கு 5.51. அந்தக் காலத்துக் கருவிகளை நினைத்தால் இது அதிசயம்.

ஆனால் மனிதர் பெரிய கூச்ச சுபாவி. பெரும் செல்வந்தராக இருந்தும் பழைய மோஸ்தர் கோட்டையே போட்டுக்கொண்டு திரிவார். சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதை வேலைக்காரியிடம் வாயால் சொல்லாமல் சீட்டு எழுதி மேசையில் வைத்துவிடுவார். வீட்டு வேலைக்காரப் பெண்கள் தம் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. அறிமுகமில்லாதவர் பேச வந்தால் விலகி ஓடிவிடுவார். நம் ஊராயிருந்தால் "ஆள் ஒரு மாதிரி" என்று சொல்லியிருப்போம்.

அவர் மனநோயாளி அல்ல. தம் காரியங்களைத் தாமே ஒழுங்காய்ப் பார்த்துக்கொண்டு, ராயல் சொசைட்டியின் கூட்டங்களுக்குத் தவறாமல் போய், 78 வயதுவரை வாழ்ந்தார். அவருக்கு ஆட்டிசத்தின் லேசான தன்மை இருந்திருக்கலாம் என்று இக்காலத்து மருத்துவர் சிலர் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும் அது மூளையின் வேறொரு அமைப்பே தவிர, புத்தி பேதலிப்பு அல்ல. விநோத குணம் வேறு, வியாதி வேறு.

மற்றவர் நம் சபைகளுக்குச் சொந்தக்காரர் போன்றவர். கவிஞர் வில்லியம் கூப்பர். இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றி நாம் பாடுகிற ஞானப்பாட்டின் மூல ஆசிரியர் அவரே. ஆறு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். பள்ளிக்கூடத்தில் பெரிய பையன் ஒருவனால் கொடுமைப்படுத்தப்பட்டார். சட்டம் படித்தார். 1763ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் ஒரு குமாஸ்தா பதவி கிடைப்பதாக இருந்தது. அதற்காகச் சபையின் முன் நேரில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றதும் பயம் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் தவித்து, கடைசியில் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் பட்டணத்தில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநோய் இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். அந்த வைத்தியர் தயவுள்ளவர், கவிதை எழுதத் தெரிந்தவரும்கூட. அங்கேதான் கூப்பர் ரோமர் நிருபத்தை வாசித்துத் தேறினார்.

பின்பு ஓல்னி என்னும் ஊரில் போதகர் ஜான் நியூட்டனுக்கு அண்டை வீட்டுக்காரராய்க் குடியிருந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய ஓல்னி ஞானப்பாட்டுகள் 1779இல் வெளிவந்தன. மொத்தம் 348 பாட்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பருடையவை. அதற்குமேலும் அவர் எழுதியிருப்பார். ஆனால் 1773ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வியாதி திரும்பிவந்தது. தேவன் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவரை இறுகப் பிடித்துக்கொண்டது. யார் எவ்வளவு சொல்லியும் அது அகலவில்லை. அதன் பின்பு அவர் ஆராதனைக்கே போகவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவருடைய முதல் கடும் வியாதி 1763இல் வந்தது. அப்போது அவர் பெரிய கவிஞர் அல்ல, ஒரு ஞானப்பாட்டும் எழுதியிருக்கவில்லை. கவிதை எழுதியதினால் வியாதி வந்தது என்று சொல்லுவதற்கு இடமே இல்லை. பக்தி முற்றியதால் வந்தது என்று சொல்லவும் முடியாது. வியாதி முந்தியது, பாட்டுகள் பிந்தியவை. மேலும் வியாதி உச்சத்தில் இருந்த நாட்களில் அவரால் எழுதவே முடியவில்லை. சற்றுத் தேறிய நாட்களில்தான் எழுதினார். "தி டாஸ்க்" என்னும் நீண்ட கவிதை 1785இல் வந்தது அப்படித்தான்.

எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது

ஒன்றிரண்டு பேரின் சரித்திரம் முழு விடை ஆகாது. நல்ல வேளையாக, கடந்த நூறு ஆண்டுகளில் பலர் பொறுமையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் 1921ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மிகுந்த புத்திசாலிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் நோஞ்சான்களாயும் நரம்புத் தளர்ச்சி உள்ளவர்களாயும் இருப்பார்கள் என்று அப்போது பலர் நம்பினார்கள். கண்டது வேறு. உடல்நலத்திலும் மனநலத்திலும் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவோ ஒருபடி மேலாகவோ இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்ற குறை இந்த ஆய்வுக்கு உண்டு. ஆனாலும் பழைய நம்பிக்கைக்கு இது முதல் பெரிய அடி.

அடுத்தது சுவீடன். அங்கே வாலிபர்கள் யாவரும் ராணுவச் சேவைக்குப் பெயர் கொடுத்து, புத்திக்கூர்மைச் சோதனை எழுத வேண்டியிருந்தது. 1969-70இல் அப்படிச் சோதிக்கப்பட்ட 50,000 பேரை 27 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் ஆகியவற்றோடு வரும் மனச்சிதைவு நோய், மதிப்பெண் கூடக்கூட அதிகமாகவில்லை, குறைந்தது. அதாவது அதிக புத்தி இந்த வியாதியை வருவிக்கவில்லை. ஓரளவு அதற்கு அரணாகவே இருந்தது.

பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. மிக உயர்ந்த புத்திக்கூர்மை உள்ள 16,000 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். அவர்களுக்கு மனநோய்கள் கூடுதலாக இல்லை. பதற்ற நோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டவை கிட்டப்பார்வை, ஒவ்வாமை போன்றவைதான். படிக்கிற பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டிவரலாம், அவ்வளவுதான்!

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்

எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடவில்லை. இருதுருவ மனநோய் என்று ஒன்று உண்டு. சில வாரங்கள் அளவுமீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, தூக்கமே வேண்டாத வேகம். பின்பு சில வாரங்கள் ஆழ்ந்த சோர்வு. சுவீடனில் 1988 முதல் 1997 வரை பள்ளிப் படிப்பை முடித்த ஏழு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். மிகச் சிறந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, நடுத்தரமாய்ப் படித்தவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது.

இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். அந்த ஏழு லட்சம் பேரில் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் மொத்தம் 300 பேர்கூட இல்லை. பத்தாயிரத்துக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நான்கு மடங்கானாலும் ஆயிரத்தில் இரண்டு பேருக்கு மேல் போகாது. மீதி 998 பேர் நலமாய் இருக்கிறார்கள். இன்னொன்று, மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் இந்த வாய்ப்பு சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆகவே படிப்பு நோயை உண்டாக்கியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. சில குடும்பங்களில் வழிவழியாய் வரும் வேகமான மனப்போக்கு ஒருவருக்குப் படிப்பில் உதவவும், வேறொருவருக்கு நோயாக வெளிப்படவும் கூடும்.

அந்நாட்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் அவர்களுடைய உறவினரையும் வைத்து 2013இல் வந்த ஆய்வும் இதையே காட்டுகிறது. கலைஞர்களையும் விஞ்ஞானிகளையும் மொத்தமாய்ப் பார்த்தால், இருதுருவ நோயைத் தவிர மற்ற மனநோய்கள் அவர்களுக்கு அதிகமாக இல்லை. எழுத்தாளர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குப் பல மனநோய்களும் கூடுதலாய்க் காணப்பட்டன. நோயாளிகளின் நலமான உடன்பிறப்புகள் பலர் கலைத் தொழில்களில் இருப்பதையும் இதே ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் தம்பிக்கு நோயும் அண்ணனுக்குத் தாலந்தும் இருந்தால், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் தாலந்து நோயை உண்டாக்கவில்லை.

அப்படியானால் ஏன் அப்படித் தோன்றுகிறது?

இதற்கு முக்கிய காரணம் வயது. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் தொடங்குகிறது. அதுவே பிள்ளைகள் பரீட்சை எழுதும் காலம், வீட்டைவிட்டு விடுதிக்குப் போகும் காலம். தோட்ட வேலைக்குப் போகிற வாலிபனுக்கும் அதே வயதில் அதே நோய் வருகிறது. அவனைப் பார்த்து யாரும், "மண் வெட்டியதால் மூளை கலங்கியது" என்று சொல்லுவதில்லை. படிக்கிற பிள்ளைக்கு வந்தால் மட்டும் கை புத்தகத்தைக் காட்டுகிறது.

நோயின் முதல் அறிகுறியையே நாம் காரணம் என்று எண்ணிவிடுவதும் உண்டு. தூக்கம் கெடுவதே பல மனநோய்களின் ஆரம்பம். தூங்க முடியாத பிள்ளை புத்தகத்தோடு இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. நாமோ இரவெல்லாம் படித்ததால்தான் நோய் வந்தது என்கிறோம். உண்மையில் நோய் வந்ததால்தான் அது இரவெல்லாம் விழித்திருந்தது. பாடம் மனதில் ஏறாததால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதும் அப்படியே.

கெட்டிக்காரப் பிள்ளையின் வீழ்ச்சியை ஊர் மறப்பதும் இல்லை. முதல் மார்க் வாங்கிய பிள்ளை நோயில் விழுந்தால் தெருவெல்லாம் பேசும். சாதாரணமாய்ப் படித்த பத்துப் பேர் விழுந்தாலும் அவரவர் வீட்டோடு நின்றுவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். படிப்பு நோயை உண்டாக்காவிட்டாலும், படிப்பின் பேரில் நாம் ஏற்றும் பாரம் பிள்ளைகளை வருத்துகிறது. தூக்கத்தைப் பறித்துக்கொள்ளும் தனிப்பயிற்சிகள், தோற்றால் வீட்டுக்கு வராதே என்பது போன்ற வார்த்தைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் ஆகியவை மனச்சோர்வுக்கும் அதைவிடக் கொடிய முடிவுகளுக்கும் வழி திறக்கின்றன. இதற்குக் கல்வி பொறுப்பல்ல, நாம்தான் பொறுப்பு.

நோய் கொடுத்ததா, எடுத்ததா?

"மேதைகளுக்கு அந்தக் கிறுக்குத்தனத்தில்தான் சக்தி" என்று சிலர் புகழ்ச்சியாகவே பேசுகிறார்கள். நோயை அனுபவித்தவர்களின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்கக் கணித மேதை ஜான் நாஷ் 1928இல் பிறந்தார். 1950இல், 30 பக்கம்கூட இல்லாத ஆராய்ச்சிக் கட்டுரையில் போட்டியாளர்கள் எடுக்கும் முடிவுகளைப் பற்றி ஒரு புதிய கணக்கை விளக்கினார். 1959இல், தம் 30ஆவது வயதில் மனச்சிதைவு நோயில் விழுந்தார். செய்தித்தாள்களில் வேற்றுலகத்தார் தமக்கு ரகசியச் செய்தி அனுப்புவதாக நம்பினார். கணித எண்ணங்கள் வந்த அதே விதமாகவே அந்த எண்ணங்களும் வந்ததால் அவற்றை நம்பியதாக அவரே பிற்பாடு விளக்கியிருக்கிறார். இதைக் கேட்டுச் சிலர், பார்த்தீர்களா, இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். அவருக்குப் புகழ் தந்த வேலைகள் ஏறக்குறைய எல்லாம் நோய்க்கு முந்தியவை. நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கால் நூற்றாண்டு.

அந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கியவர் மனைவி அலிசியா. 1963இல் விவாகரத்தானவர்தான், ஆயினும் 1970இல் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரும் அவர் தங்கள் வளாகத்தில் உலாவ இடம் கொடுத்தார்கள். 1980களில் மெல்ல மெல்லத் தெளிவு வந்தது. 1994இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2001இல் இருவரும் மறுபடி மணந்துகொண்டார்கள். 2015இல் ஒரு வாகன விபத்தில் இருவரும் ஒன்றாய் மரித்தார்கள். நாஷ் பிந்திய ஆண்டுகளில் மருந்தில்லாமல் தேறியவர். அப்படித் தேறுகிறவர்கள் சிலரே. மருந்தை நிறுத்தியதால் நோய் திரும்பி வந்தவர்களே மிகுதி. ஆகவே யாரும் அவரை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மருந்து அறிவை மழுக்கிவிடுமா என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. இருதுருவ நோய்க்கு லித்தியம் உதவும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷௌ, அந்த மருந்தை உட்கொண்டுவந்த 24 கலைஞர்களிடம் விசாரித்து 1979இல் எழுதினார். 12 பேர் தங்கள் வேலை முன்னைவிடப் பெருகியது என்றார்கள். 6 பேர் மாற்றமில்லை என்றார்கள். 6 பேர் குறைந்தது என்றார்கள். சிலருக்கு மந்தம் உண்டாவது மெய்தான். அதை மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தையும் மாற்றலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

நம்முடைய கணித மேதை ராமானுஜனைக்கூட, படித்துப் படித்தே அழிந்தவர் என்று பேசுகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அவரை வாட்டியது சரீர வியாதி, குளிர், முதல் உலகப் போர் காலத்து உணவுத் தட்டுப்பாடு, தனிமை. மனம் உடைந்த ஒரு வேளையும் அவருக்கு வந்தது. ஆனால் அறிவு கடைசிவரை தெளிவாகவே இருந்தது. 1920 ஜனவரியில், மரிப்பதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு, படுக்கையில் இருந்த அந்த மனிதர் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் புதிய கண்டுபிடிப்பைக் குறித்துக் கடிதம் எழுதினார். கணிதம் அவரைக் கொல்லவில்லை. அதுவே அவருக்கு அந்நாட்களில் ஆறுதலாய் இருந்தது.

வீட்டிலும் சபையிலும் நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளை கூச்சமாய் இருப்பதாலும், பூச்சிகளையோ நட்சத்திரங்களையோ பற்றியே பேசுவதாலும் அதற்கு நோய் என்று எண்ண வேண்டாம். எப்போதும் இருந்த குணம் வேறு, திடீரென்று வந்த மாற்றம் வேறு. மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

2. பல நாள் தூக்கமின்மை, நன்றாய்ப் படித்த பிள்ளையின் மதிப்பெண் சரிதல், அறையைவிட்டு வெளியே வராமை, தனியே பேசிச் சிரித்தல், வீட்டார்மேலேயே சந்தேகம், அளவில்லாத செலவும் பெருமைப் பேச்சும், "நான் இருந்து என்ன பயன்" என்ற வார்த்தை ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தொடங்கும் வைத்தியமே நல்ல பலன் தரும். எங்கே போவதென்று தெரியாவிட்டால், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

3. படிப்பை ஒரேயடியாய் நிறுத்தாதிருங்கள். நோய் கடுமையாய் இருக்கும்போது விடுப்பு தேவைப்படும். தேறியபின் மெதுவாய்த் திரும்பவேண்டும். திரும்பப் படிப்பதும் வேலைக்குப் போவதும் சுகத்தின் ஒரு பகுதியே.

4. நோயாளியை ஜெபத்தில் தாங்குங்கள், மருந்தையும் கொடுங்கள். ஒன்றுக்காக மற்றதை விடச் சொல்லுவது தவறு. சங்கிலியால் கட்டி வைப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது.

5. "பைத்தியம்", "கிறுக்கு" என்ற வார்த்தைகளை நம் வாயிலிருந்து அகற்றுவோம். சர்க்கரை வியாதி என்று சொல்லுவதுபோலவே மன வியாதி என்று சொல்லுவோம்.

கூப்பரைத் தாங்கியவர்கள்

கவிஞர் கூப்பரிடம் திரும்புவோம். 1773இல் அவர் விழுந்தபோது, ஜான் நியூட்டன் அவரைத் தம் குருமனையிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துக்கொண்டார். அப்போது லித்தியமும் இல்லை, வேறு மருந்தும் இல்லை. விதவையான மேரி அன்வின் அம்மையார் இரவும் பகலும் பார்த்துக்கொண்டார். ஊரார் ஒரு முயல்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கவனிப்பதில் மனம் சற்றுத் தெளிவதைக் கண்டு இன்னும் சில வந்தன; மூன்று முயல்களை அவர் வளர்த்தார். தச்சு வேலை செய்தார், தோட்டம் போட்டார். பின்பு அன்வின் அம்மையாரின் தூண்டுதலால் பேனாவை எடுத்தார். அவர் முற்றும் சுகமடையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1796இல் அந்த அம்மையார் மரித்தபின் இருள் மறுபடி சூழ்ந்தது. 1800ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆறுதல் அடையாமலேயே மரித்தார். ஆனாலும் அவரைத் தாங்கிய கைகளால் இருபத்தேழு ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தன, அவருடைய கவிதைகள் நமக்குக் கிடைத்தன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் முறையைக் கைக்கொண்டது. ஓல்னியில் அந்த ஒரு வீட்டார் செய்ததையே ஒரு மருத்துவமனை முறையாகச் செய்தது. இன்று நம்மிடம் மருந்தும் உண்டு. அன்வின் அம்மையாரும் நியூட்டனும் செய்தது மட்டும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது.

ஆகையால் உங்கள் பிள்ளைகள் நன்றாய்ப் படிக்கட்டும், பயப்படாதிருங்கள். அவர்களை நேரத்துக்குத் தூங்க வையுங்கள். ஒருவேளை உங்கள் வீட்டிலோ உறவிலோ சபையிலோ கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று நோயில் விழுந்திருந்தால், "அதிகம் படித்ததால் வந்தது" என்று சொல்லி வீட்டுக்குள் மறைத்து வைக்காதிருங்கள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். தகப்பனார் தனியே வரத் தயங்கினால், அடுத்த வீட்டுக்காரராகிய நீங்கள் கூட வாருங்கள். பெஸ்து சொன்னது அன்றைக்கும் தவறு, இன்றைக்கும் தவறு.